இழிவில் தொடங்கும் விருந்து

யூதர்களின் பஸ்கா இரவு விருந்தை எப்படி நடத்த வேண்டும் என்று விரிவாகச் சொல்லும் பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னா. பொ.ஆ. 200 வாக்கில் கலிலேயாவில் யூதா என்ற தலைமை ரபியின் காலத்தில் அது தொகுக்கப்பட்டது. பஸ்காவைப் பற்றிய பகுதியின் பத்தாம் அதிகாரத்தில், தகப்பன் பிள்ளைக்குக் கதை சொல்வதற்கு ஒரு விதி இருக்கிறது: இழிவில் தொடங்கிப் புகழ்ச்சியில் முடிக்க வேண்டும். இது எவ்வளவு அரிதான விதி என்பது, மற்றவர்கள் தங்கள் கதையை எப்படித் தொடங்கினார்கள் என்று பார்த்தால்தான் புரியும். இஸ்ரவேல் என்ற பெயர் வேதாகமத்துக்கு வெளியே முதன்முதலில் கிடைப்பது எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டில். பொ.ஆ.மு. 1208 வாக்கில் பொறிக்கப்பட்ட அதை 1896-ல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தீப்ஸில் கண்டெடுத்தார். தான் அடக்கிய நாடுகளையும் மக்களையும் வரிசையாகச் சொல்லிவரும் மன்னன், இஸ்ரவேலின் வித்தே இல்லாமல் போயிற்று என்று அதில் மார்தட்டிக்கொள்கிறான். அரசர்கள் அப்படித்தான் எழுதினார்கள், இன்றைய அரசுகளும் பள்ளிப் பாடநூல்களை அப்படித்தான் எழுதுகின்றன. அழிந்ததாக அந்தக் கல்லில் குறிக்கப்பட்ட மக்களோ, ஆண்டுதோறும் தங்கள் பிள்ளைகளை உட்காரவைத்து, நாம் அடிமைகளாக இருந்தோம் என்று ஆரம்பிக்கிறார்கள். பஸ்காவை விடுதலைத் திருநாள் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது வழக்கம். விடுதலையைக் கொண்டாடாத நாடு எது? பட்ட அவமானத்தை வாயில் வைத்து மென்று, அதையே பிள்ளைக்கும் ஊட்டுவது வேறு வகைக் காரியம். இந்த விருந்தின் சமயப் பொருள் முழுவதும் அந்த விதியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பஸ்கா, புளிப்பில்லாத அப்பம், கசப்பான கீரை ஆகிய சொற்கள் தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்குப் பழக்கமானவை. ஆனால் இன்று யூத வீடுகளில் செடர் என்ற பெயரில் நடக்கும் விருந்து யாத்திராகமத்தில் உள்ளதன் நேர் நகல் அல்ல. எருசலேம் ஆலயம் இருந்தவரை பஸ்காவின் மையம் ஆட்டுக்குட்டிதான். நிசான் மாதம் 14-ஆம் நாள் பிற்பகலில் ஆலயத்தில் அதைப் பலியிட்டு, அன்றிரவு கூட்டம் கூட்டமாக அமர்ந்து தீயில் வாட்டி உண்டார்கள். பொ.ஆ. 70-ல் ரோமப் படை ஆலயத்தை எரித்தபோது பலியும் நின்றது. பலி இல்லாத பஸ்கா பஸ்காவா என்ற கேள்வி அப்போது எழுந்திருக்க வேண்டும். அதற்கு ரபிகள் கொடுத்த பதில்தான் இன்றைய செடர். ஆட்டுக்குட்டியின் இடத்தில் தட்டில் வாட்டிய எலும்பு ஒன்று மட்டும் மிஞ்சியது. பலியின் இடத்துக்குக் கதை வந்தது. ஆசாரியன் தேவையில்லை, ஆலயம் தேவையில்லை. ஒரு மேசை, அந்த இரவில் வாசிக்கும் ஹகதா என்ற நூல், கேட்க ஒரு பிள்ளை, இவ்வளவு போதும். கெரிசீம் மலையில் சமாரியர்கள் இன்றும் ஆடுகளைப் பலியிட்டே பஸ்கா கொண்டாடுகிறார்கள். எத்தியோப்பிய யூதர்களும் தங்கள் நாட்டில் இருந்தவரை பலியிட்டார்கள். ரபிகளின் மரபு போன வழி எவ்வளவு வேறானது என்பதற்கு அவர்களே சாட்சி. (இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை இன்றைய செடர் போலக் கற்பனை செய்யும் வழக்கம் கிறிஸ்தவர்களிடையே பரவியிருக்கிறது. செடரின் வடிவம் ஆலயம் இடிந்த பின் உருவானது என்பதால் அந்தக் கற்பனையில் எச்சரிக்கை தேவை.)

பலியை இழந்தவர்கள் அந்த இடத்தில் எந்தக் கதையை வைத்தார்கள் என்பது முக்கியம். எந்த இழிவிலிருந்து தொடங்குவது என்பதில் மூன்றாம் நூற்றாண்டின் பாபிலோனிய அறிஞர்கள் இருவர் மாறுபட்டதை, மிஷ்னாவைப் பற்றிய ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் பதிவுசெய்கிறது. பார்வோனுக்கு அடிமைகளாக இருந்தோம் என்று தொடங்க வேண்டும் என்றார் ஷ்முவேல். அது போதாது, நம் முன்னோர் விக்கிரகங்களை வணங்கியவர்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் ராவ். ஷ்முவேல் சொன்னது பிறர் நமக்குச் செய்த இழிவு. ராவ் சொன்னது நம் வீட்டுக்குள்ளேயே இருந்த இழிவு. ஆபிரகாமின் தகப்பன் தேராகு வேறு தெய்வங்களைச் சேவித்தவன் என்று யோசுவாவின் புத்தகம் சொல்வதை அவர் மறைக்க விரும்பவில்லை. ஹகதாவைத் தொகுத்தவர்கள் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள். இதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. நாம் அடிமைகளாக இருந்தோம் என்பதோடு நின்றால், நல்லவர்களான நம்மைக் கெட்டவர்கள் வதைத்தார்கள் என்று கதை முடிந்துவிடும். ராவின் வரி அந்தச் சுகத்தைப் பறித்துவிடுகிறது. தூய குலம் என்று பெருமை பேச இடம் வைப்பதில்லை. அடுத்து ஹகதா விரித்துரைக்க எடுத்துக்கொள்ளும் வசனங்கள் உபாகமம் 26-ஆம் அதிகாரத்தவை. அவை விவசாயியின் வாயிலிருந்து வருபவை. முதல் விளைச்சலைக் கூடையில் சுமந்து வந்து பலிபீடத்தின் முன் நிற்கிறவன், தன் தகப்பன் அலைந்து திரிந்த அரமேயன், கொஞ்சப் பேரோடு எகிப்துக்குப் போனவன் என்று சொல்லத் தொடங்குகிறான். சொந்த நிலத்தில் நின்று, கூடை நிறையத் தானியத்தோடு, நிலமில்லாதவர்களின் வழிவந்தவன் என்று அறிக்கையிடுகிறான். யாத்திராகமத்தின் விறுவிறுப்பான கதை கையில் இருக்க, ரபிகள் இந்தச் சில வரிகளைத் தேர்ந்தெடுத்ததற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. வசதியாக இருக்கும்போது சொல்ல வேண்டிய வாக்குமூலம் என்பதே எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: எகிப்திலிருந்து மக்களை நடத்திவந்த மோசே ஹகதாவில் கிட்டத்தட்ட இல்லை. வழக்கமான பதிப்புகளில் எடுத்தாளப்படும் ஒரு வசனத்தின் நடுவில் பெயர் ஒருமுறை தலைகாட்டுவதோடு சரி. தலைவன் இல்லாத கதையில், மீட்கப்பட்ட பெருமையை எந்தத் தனி மனிதனின் பெயரிலும் எழுத முடியாது. அடிமைத்தனம் எல்லாருடைய சொத்தாகவும் ஆகிறது.

சொல்லோடு இது நிற்காமல் உணவாக மாறுவதில்தான் செடரின் நுட்பம் இருக்கிறது. புளிப்பில்லாத அப்பத்தை, தண்ணீர் மாவில் பட்ட கணத்திலிருந்து 18 நிமிடங்களுக்குள் சுட்டு முடித்தாக வேண்டும். தாண்டினால் மாவு புளிக்கத் தொடங்கியதாகக் கணக்கு. யாத்திராகமத்தில் இந்த அப்பம் விடுதலையின் அப்பம். மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் கிளம்பினார்கள். உபாகமம் அதையே சிறுமையின் அப்பம் என்கிறது. ஒரே பண்டத்துக்கு இரண்டு பொருள். அடிமையாகத் தின்றதும் விடுதலையாகித் தின்றதும் ஒன்றுதான். மேசையில் மூன்று அப்பங்களை அடுக்கி, நடுவில் உள்ளதை எடுத்து இரண்டாக உடைக்கிறார்கள். பெரிய துண்டைத் துணியில் சுற்றி ஒளித்துவைப்பார்கள், சாப்பாட்டின் முடிவில் பிள்ளைகள் அதைத் தேடி எடுப்பார்கள். சிறிய துண்டு தட்டிலேயே இருக்க, அதை வைத்துக்கொண்டுதான் கதை சொல்லப்படுகிறது. ஏழைக்கு முழு அப்பம் வாய்ப்பதில்லை, துண்டே அவன் பங்கு என்று தல்மூத் இதற்குக் காரணம் காட்டுகிறது. கசப்புக்கு ரபிகள் முதலில் சொன்னது ஒரு வகைக் கீரை. முதல் கடியில் மென்மையாக இருந்து போகப்போகக் கசப்பேறும் அதை, முதலில் இதமாக நடத்திப் பின்பு கசக்கிப் பிழிந்த எகிப்தியரோடு ஒப்பிட்டார்கள். குளிர்நாடுகளில் அந்தப் பருவத்தில் கீரை கிடைக்காததால் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் கண்ணில் நீர் வரவழைக்கும் காரக்கிழங்கைத் துருவிவைத்தார்கள். செங்கல் சூளையின் களிமண்ணை நினைவூட்டும் கரோசெத் என்ற கலவையை ஐரோப்பியர் ஆப்பிளும் வாதுமையும் பட்டையும் சேர்த்து அரைப்பார்கள். பாக்தாத் யூதர்களும் அவர்கள் வழியில் இந்தியாவில் குடியேறியவர்களும் பேரீச்சம்பழப் பாகில் செய்வார்கள். அடிமையின் களிமண் எல்லா ஊரிலும் இனிக்கவே இனிக்கிறது. உட்காரும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ரோமப் பேரரசில் சுதந்திர மனிதன் இடப்பக்கம் சாய்ந்து படுத்தபடி விருந்துண்பான், அடிமை நின்றுகொண்டு பரிமாறுவான். எனவே அப்பத்தை உண்ணும்போதும் நான்கு கோப்பைத் திராட்சரசத்தைக் குடிக்கும்போதும் சாய்ந்துகொள்ள வேண்டும் என்பது விதி. கசப்புக் கீரைக்கு மட்டும் சாயத் தேவையில்லை. ஒரே உடம்பு, அரைமணி நேரத்துக்குள் எஜமானனாகவும் அடிமையாகவும் இருந்து பார்க்கிறது. இந்தச் சாய்வு வசதி படைத்தவர்களின் நாடகமாக ஆகிவிடாதபடி மிஷ்னா ஒரு நிபந்தனையும் வைக்கிறது: இஸ்ரவேலின் பரம ஏழையும் சாய்ந்தே உண்ண வேண்டும், தர்மத் தட்டில் சாப்பிடுகிறவனுக்கும் நான்கு கோப்பைக்குக் குறையக் கூடாது.

இவ்வளவையும் பிள்ளைக்குச் சொல்வது எப்படி? இழிவு என்பது பெற்றோர் பிள்ளைகளிடம் மறைக்கிற விஷயம். எஜமானன் வீட்டு வாசலில் கைகட்டி நின்றதையும் அடி வாங்கியதையும் எந்தத் தகப்பன் தானாக எடுத்துச் சொல்கிறான்? பெருமையைச் சொல்ல யாரும் கேட்க வேண்டியதில்லை, அது தானே வாயில் வரும். அவமானம் கேட்டால்தான் வெளியே வரும். செடரில் கேள்வி கட்டாயமாக்கப்பட்டதற்கு நான் காணும் காரணம் இது. அந்த இரவின் வழக்கத்துக்கு மாறான செயல்கள் பல, பிள்ளை கேட்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டவை. சாப்பாட்டுக்கு முன்பே ஏதோ ஒரு கீரையை உப்புத் தண்ணீரில் தோய்த்து உண்பதும், ரொட்டியை உடைத்துவிட்டு உண்ணாமல் வைப்பதும் அப்படிப்பட்டவை. தல்மூத்தில் ஒரு காட்சி வருகிறது. சிறுவன் அபாயே தன்னை வளர்த்த ரப்பாவின் முன் உட்கார்ந்திருக்கிறான். சாப்பாடு ஆரம்பிப்பதற்கு முன்பே மேசையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பையனுக்குப் பொறுக்கவில்லை, நாம் இன்னும் சாப்பிடவே இல்லையே, அதற்குள் எடுக்கிறீர்களே என்கிறான். ரப்பா மகிழ்ந்துபோய், வழக்கமான கேள்வியைச் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து எங்களை விடுவித்துவிட்டாய் என்கிறார். செடரில் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் நான்கு கேள்விகளைவிட, பசித்த பிள்ளையின் நிஜமான ஒரு கேள்வி மேலானது என்று சட்டத்தை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்த நான்கு கேள்விகளும் கல்லில் எழுதியவை அல்ல: மிஷ்னாவில் வாட்டிய இறைச்சியைப் பற்றி இருந்த கேள்வி பலி நின்றபின் உதிர்ந்தது, சாய்ந்து உட்காருவதைப் பற்றிய கேள்வி வந்து சேர்ந்தது. பிள்ளை இல்லாவிட்டால் மனைவி கேட்க வேண்டும். தனியாக இருப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டங்கள் அனைத்தையும் கரைத்துக் குடித்த இரண்டு பண்டிதர்கள் மட்டுமே மேசையில் இருந்தாலும் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். தகவல் தெரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் இந்தக் கடைசி விதிக்கு அர்த்தமே இல்லை. தெரிந்த இழிவையும் பதிலாகத்தான் சொல்ல வேண்டும், பிரசங்கமாகச் சொல்லக் கூடாது என்று அது வற்புறுத்துகிறது.

இதற்கு எதிராக முதலில் எழக்கூடிய ஆட்சேபம், கட்டளையிட்டு நினைவை உண்டாக்க முடியாது என்பது. மூவாயிரம் ஆண்டுக்கு முன் யாருக்கோ நடந்ததை நான் எப்படி நினைவுகூர்வேன்? அது நடந்ததே சந்தேகம் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஆறு லட்சம் ஆண்கள் குடும்பத்தோடு எகிப்தைவிட்டு வெளியேறியதற்கோ சினாய் வனாந்தரத்தில் நாற்பது ஆண்டு அலைந்ததற்கோ அகழாய்வில் சான்று கிடைக்கவில்லை. 2001-ஆம் ஆண்டுப் பஸ்காவின்போது லாஸ் ஏஞ்சலஸில் டேவிட் வோல்பே என்ற ரபி, வேதாகமம் விவரிக்கிறபடி அந்த வெளியேற்றம் நடந்திருக்கவில்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு என்று தன் சபையின் முன் பேசியது பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அவர் பேசியதில் தவறில்லை என்று நினைக்கிறேன். மிஷ்னா கேட்பது நினைவை அல்ல. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தாமே எகிப்திலிருந்து புறப்பட்டதாகத் தம்மைக் காண வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. அப்படிக் காண்பது ஒரு கடமை. அதை நிறைவேற்றலாம், தவறலாம், ஆனால் அகழாய்வு அதைப் பொய்யாக்க முடியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ் இதை இன்னும் கூர்மையாக்கி, இப்போதுதான் புறப்பட்டவனாகப் பிறருக்குக் காட்ட வேண்டும் என்றார். ஈராக் யூத வீடுகளில் இது கண்ணெதிரே நடக்கிறது: பிள்ளை ஒன்று அப்பத்தைத் துணியில் மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வரும், எங்கிருந்து வருகிறாய் என்றால் எகிப்திலிருந்து என்றும், எங்கே போகிறாய் என்றால் எருசலேமுக்கு என்றும் பதில் சொல்லும். ஆனாலும் ஆட்சேபத்தில் ஒரு பகுதி எஞ்சுகிறது. நடக்காத ஒன்றில் தன்னைக் காண்பது தன்னை ஏமாற்றிக்கொள்வதாகாதா? கற்பனை வம்சாவளிகளை எல்லா மக்களும் உண்டாக்கியிருக்கிறார்கள், சூரியனிடமிருந்தும் தெய்வங்களிடமிருந்தும் மாவீரர்களிடமிருந்தும் இறங்கிவந்ததாக. செங்கல் அறுத்த கூலியில்லாத கூட்டத்திடமிருந்து இறங்கியதாகச் சொல்லிக்கொண்டவர்கள் அரிது. அது வரலாற்றுச் சான்று ஆகாது. தங்களை யாராகப் பார்க்க அவர்கள் முடிவுசெய்தார்கள் என்பதற்கு நல்ல சான்று. கற்பனைக்கும் நடப்புக்கும் இருந்த இடைவெளி சில சமயம் முற்றிலும் இல்லாமலும் போனது. 1944 பஸ்காவின்போது நாஜிகளின் பெர்கன்-பெல்சன் முகாமில் புளிப்பில்லாத அப்பம் கிடையாது. கிடைத்த ரொட்டியையும் தின்னாவிட்டால் உயிர் போகும். அங்கிருந்த ரபிகள் ஒரு ஜெபம் இயற்றினார்கள். உம் கட்டளையை நிறைவேற்றவே விரும்புகிறோம், அடிமைத்தனம் தடுக்கிறது, ஆகவே உயிரைக் காக்கும் உம் இன்னொரு கட்டளைக்குப் பணிந்து புளித்த ரொட்டியைத் தின்கிறோம் என்பது அதன் சாரம். அன்று அங்கே யாரும் தம்மை அடிமையாகக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது. பட்ட அவமானத்தை ஆண்டுதோறும் கிளறிக்கொண்டிருந்தால் பழிவாங்கும் வெறிதானே வளரும்? சான்று செடரிலேயே இருக்கிறது. சாப்பாடு முடிந்தபின் கதவைத் திறந்துவைத்து, கடவுளை அறியாத இனங்கள்மேல் அவருடைய கோபத்தைக் கொட்டும்படி கேட்கும் வசனங்களை வாசிக்கிறார்கள். சங்கீதத்திலிருந்தும் மற்ற நூல்களிலிருந்தும் எடுத்த இவை, சிலுவைப் போர்க் கும்பல்கள் யூதக் குடியிருப்புகளைச் சூறையாடிய இடைக்கால ஐரோப்பாவில் ஹகதாவுக்குள் வந்தவை. அந்தக் கதவுக்கு வெளியே என்ன இருந்தது என்பதை மறந்து இந்த வரிகளைத் தீர்ப்பிட முடியாது. கிறிஸ்தவப் பிள்ளைகளைக் கொன்று அந்த ரத்தத்தைப் பஸ்காவுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற கொடிய பொய் நூற்றாண்டுக் கணக்கில் சுற்றியது. 1475-ல் இத்தாலியின் ட்ரென்ட் நகரில் அந்தப் பொய்யின் பேரில் யூதர்களைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். 17-ஆம் நூற்றாண்டுப் போலந்தின் பெரும் சட்ட அறிஞர் டேவிட் ஹலேவி, இந்தப் பழிக்கு அஞ்சித் தங்கள் நாட்டில் செடருக்குச் சிவப்புத் திராட்சரசத்தைத் தவிர்க்கிறார்கள் என்று எழுதிவைத்தார். தன் சொந்த மேசையில் என்ன நிறத்தில் குடிப்பது என்பதைக்கூட அண்டை வீட்டாரின் கொலைவெறி முடிவுசெய்த காலத்து வரிகள் அவை. சில சீர்திருத்த ஹகதாக்கள் அவற்றை நீக்கிவிட்டன. நீக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். கோபம் இருந்தது, அதை ஒளிப்பது இன்னொரு வகைப் பொய். அந்தக் கோபம் கடவுளிடம் ஒப்படைக்கப்படுகிறது, பந்தியில் இருப்பவர் கையில் ஆயுதமாகத் தரப்படுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதே மேசையில் அதற்கு எதிரான செயலும் நடக்கிறது. எகிப்தின் பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு ரசத்தைக் கோப்பையிலிருந்து விரலால் எடுத்து வெளியே விடுகிறார்கள். அந்த வாதைகள் நம்மை அண்டாதிருக்கட்டும் என்பது இடைக்கால விளக்கம். எகிப்தியர் துன்பப்பட்டதால் நம் மகிழ்ச்சியின் கோப்பை நிறைந்திருக்கக் கூடாது என்ற விளக்கம் பிற்காலத்தது, இன்று பெரும்பாலோர் சொல்வது அதைத்தான். பழைய சடங்குக்குப் புதிய இரக்கம் ஏற்றப்பட்டது என்று குறைசொல்பவர்கள் உண்டு. ஆனால் இரக்கம் அந்த மரபுக்குப் புதிதல்ல. எகிப்தியர் கடலில் மூழ்கும்போது பாடத் துணிந்த தேவதூதர்களைக் கடவுள் கண்டித்ததாகத் தல்மூத் சொல்கிறது. உபாகமம் 23-ஆம் அதிகாரத்தில் எகிப்தியனை அருவருக்கக் கூடாது, அவன் நாட்டில் நீ பரதேசியாய் இருந்தாய் என்ற பொருளில் ஒரு கட்டளையே இருக்கிறது. அடிமைப்படுத்தியவனை வெறுக்காதே என்பதற்கு, அவன் தேசத்தில் நீ தங்கியிருந்தாய் என்பதே காரணமாகச் சொல்லப்படுவதைப் போன்ற ஒன்றை வேறு எந்தச் சட்டத்திலும் நான் படித்ததில்லை.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. இந்த விருந்தை ஆண்டு தவறாமல் உண்டவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்கள். உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கத் தென் மாநிலங்களில் வசதி படைத்த யூதக் குடும்பங்கள் பல, அண்டை அயலாரைப் போலவே கறுப்பின மக்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தன. நாம் அடிமைகளாக இருந்தோம் என்று மேசையில் வாசித்துக்கொண்டிருக்க, தட்டை எடுத்துப் போனவர்கள் அடிமைகளாக இருந்த வீடுகள் அவை. வடக்கிலும் நிலைமை தூய்மையாக இல்லை. 1861 ஜனவரி 4 அன்று நியூயார்க்கின் புகழ்பெற்ற ரபி மோரிஸ் ரஃபால், அடிமை முறையை வேதாகமம் பாவம் என்று சொல்லவில்லை என்று பிரசங்கித்தார். அடிமை முறையை ஆதரித்தவர்கள் அதை அச்சிட்டுப் பரப்பினார்கள். பால்டிமோரில் இருந்த ரபி டேவிட் ஐன்ஹார்ன் கொதித்தெழுந்து மறுத்தார். எகிப்தின் அடிமை வீட்டிலிருந்து விடுவித்ததற்காகத் தினமும் கடவுளைத் துதிக்கும் இனத்தில் பிறந்த ஒரு யூதர் அடிமை முறைக்கு வக்காலத்து வாங்குவதா என்பது அவருடைய கேள்வி. அந்த ஏப்ரலில் பால்டிமோரில் கலகம் வெடித்தபோது அவர் ஊரைவிட்டே ஓட வேண்டியிருந்தது. இருவரும் ஒரே ஹகதாவை வாசித்தவர்கள். அப்படியானால் சடங்கு என்ன சாதித்தது? சடங்கு மனிதனை இயந்திரம் போல நல்லவனாக்கும் என்று நான் சொல்லவில்லை. ரஃபாலுக்கு வேதாகமத்தின் சட்டப் பகுதிகள் துணைக்கு இருந்தன. ஐன்ஹார்னுக்கு அந்த மேசை இருந்தது. அடிமை வைத்திருந்தவரை அவர் வாயாலேயே சொன்ன வார்த்தையைக் கொண்டு மடக்க முடிந்தது, அதற்கான வார்த்தையை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தந்தது செடர்தான். அதே போரில், 1862 பஸ்காவுக்கு மேற்கு வர்ஜீனியாவில் முகாமிட்டிருந்த வடக்குப் படையின் ஓஹாயோ 23-ஆம் பிரிவைச் சேர்ந்த யூத வீரர்கள் சுமார் இருபது பேர் காட்டுக்குள் செடர் நடத்தினார்கள். கரோசெத் செய்யப் பொருள் கிடைக்கவில்லை. ஆகவே களிமண்ணைக் குறிக்கும் கலவைக்குப் பதிலாக ஒரு செங்கல்லையே எடுத்து மேசையில் வைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஜோசப் ஜோயல் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதை ஒரு யூத இதழில் எழுதினார். அடிமை முறைக்காக நடந்த போரின் நடுவில், இனிப்பு எல்லாம் போய் வெறும் செங்கல்லாக நின்ற அந்தக் கரோசெத்தைவிடத் துல்லியமான ஒன்றை எந்தச் சமையற்கட்டிலும் செய்திருக்க முடியாது. நூறாண்டு கழித்து, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட முதலாம் ஆண்டு நினைவுநாளான 1969 ஏப்ரல் 4 அன்று, வாஷிங்டனின் ஒரு கறுப்பினத் தேவாலயத்தின் அடித்தளத்தில் யூதர்களும் கறுப்பினத்தவரும் சேர்ந்து அமர்ந்து, யூத எழுத்தாளர் ஆர்தர் வாஸ்கோ எழுதிய புதிய ஹகதாவை வாசித்தார்கள். பழைய நூலைச் சிதைத்துவிட்டார் என்று அவர்மேல் அன்று கோபப்பட்டவர்கள் பலர். இழிவில் தொடங்கும் விதியை அவர் சரியாகவே பின்பற்றினார் என்பேன்.

ஹகதாவின் நான்கு பிள்ளைகளைப் பற்றி இந்த இடத்தில் பேசாமல் முடியாது. ஞானி, துன்மார்க்கன், கள்ளமற்றவன், கேட்கத் தெரியாதவன் என்று நால்வர். கேள்வியைக் கடமையாக்கிய மரபு, கேள்வி கேட்ட ஒருவனைத் துன்மார்க்கன் என்று ஏன் பழிக்கிறது என்பது நியாயமான ஆட்சேபம். அவன் பல்லைக் கூசச்செய் என்றும், அவன் அங்கே இருந்திருந்தால் மீட்கப்பட்டிருக்க மாட்டான் என்றும் தகப்பனுக்குச் சொல்லித்தருகிறது ஹகதா. ஆனால் அவன் கடவுளைச் சந்தேகித்ததாகவோ கதையைப் பொய் என்றதாகவோ எங்கும் இல்லை. இந்த ஆராதனை உங்களுக்கு எதற்கு என்று கேட்கிறான். ஞானியும் முன்னிலையில்தான் கேட்கிறான் என்றாலும், கடவுளை நம் கடவுள் என்று சொல்லித் தன்னைச் சேர்த்துக்கொள்கிறான். இவனோ தன்னைக் கூட்டத்திலிருந்து கழற்றிக்கொள்கிறான்: அடிமைத்தனம் உங்களுடையது, என்னுடையது அல்ல. இப்படிப் பார்த்தால் பக்தியோடு எல்லா ஆசீர்வாதங்களையும் வாசித்து, அடிமையின் கையால் பரிமாறப்பட்ட தென் மாநிலத்து வீட்டுத் தலைவர்தான் இந்தப் பிள்ளை. இழிவை வாயால் சொன்னார், அதைத் தன்னுடையதாக ஏற்கவில்லை. அந்தத் துன்மார்க்கனையும் மேசையைவிட்டு எழுப்பி அனுப்பவில்லை, நால்வரில் ஒருவனாக ஆண்டுதோறும் இடம் வைக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இடைக்காலக் கையெழுத்துப் பிரதிகளிலும், 1695-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான புகழ்பெற்ற ஹகதாவிலும், இந்தத் துன்மார்க்கனைப் போர்வீரனாக வரைந்தார்கள். தங்களுக்கென்று படையே இல்லாதவர்கள், ஆயுதம் ஏந்தியவனைத்தான் எகிப்தை மறந்தவனாகக் கண்டார்கள். 1948-க்குப் பின் இஸ்ரேலில் அந்த மேசையைச் சுற்றி அமரும் பிள்ளைகளில் பலர் சீருடை அணிந்தவர்கள், அல்லது அணியப்போகிறவர்கள். பாலஸ்தீனரின் நிலையைப் பற்றிய வாக்குவாதம் இன்று யூத வீடுகளில் பஸ்கா இரவிலேயே எழுகிறது. சாப்பாட்டு நேரத்தில் அரசியல் வேண்டாம் என்று அதை அடக்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் பசித்த சிறுவனின் குறுக்குக் கேள்வியைக் கேட்டு மகிழ்ந்த ரப்பாவின் மரபில் வந்தவர்களுக்கு, அந்தக் கேள்வியை வேறு இரவுக்குத் தள்ளிவைக்க உரிமையில்லை.